இரண்டு மாதச் சம்பளமும் ஒரு கேம் செட்டும்

பிளேஸ்டேஷன் 5 மலேசியக் கடைகளுக்கு வந்தது 2020 டிசம்பர் 11-ஆம் தேதி. சிடி போடும் செட் 2,299 வெள்ளி, சிடி போட முடியாத செட் 1,869 வெள்ளி. அந்த வருஷம் நகரப் பகுதிகளில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,200 வெள்ளி. என் கடையில் விலை விசாரித்தவர்கள் பலரும், “இப்ப வேணாம்லா அக்கா, ரெண்டு வருஷம் போனா பாதி விலைக்கு வந்துரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதி என்பது கொஞ்சம் அதிகம்; மற்றபடி அவர்கள் கணக்கில் பிசகில்லை. அதற்கு முன் வந்த கேம் செட்டெல்லாம் வருஷம் போகப் போக விலை இறங்கின. இந்த முறை ஐந்து வருஷம் பொறுத்தும் இறங்கவில்லை. உலகம் முழுக்க விலை ஏறியிருக்கிறது.

கடை பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறது. 2007-இல் ஊரின் பெயரை மாற்றினார்கள்; எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். கைப்பேசி, கேம் செட் பழுது பார்க்கிறேன். பழைய செட்டை வாங்கிச் சரிசெய்து விற்கிறேன். சிலாங்கூர் பல்கலைக்கழக மாணவர்கள் வருவார்கள். ராஜா மூசா, சுங்கை திங்கி, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோன வீடுகளிலிருந்தும் அப்பா அம்மாக்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: இவ்வளவு காசு கொடுத்துப் புதுசு வாங்கலாமா? நான் பழைய செட் விற்கிறவள். அதை மனதில் வைத்துக்கொண்டே நான் சொல்வதைக் கேளுங்கள். பெட்டி மேல் ஒட்டியிருக்கும் விலையை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. அதன் முன்னால் எத்தனை பேர் உட்காரப் போகிறார்கள், எத்தனை வருஷம் உட்காரப் போகிறார்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் விலைக் கதையைப் பார்த்துவிடலாம். முன்பு விலை இறங்கியதற்குக் காரணம், உள்ளே இருக்கும் சில்லு சிறுத்துக்கொண்டே வந்தது. பிளேஸ்டேஷன் 2-இல் ஆரம்பத்தில் இரண்டு பெரிய சில்லுகள் இருந்தன. ஒன்று கணக்குப் போடும், இன்னொன்று படம் வரையும். பிறகு இரண்டையும் ஒரே சில்லுக்குள் அடைத்தார்கள். சில்லு சிறுத்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் மின்விசிறியும் பெட்டியும் சிறுக்கும், செலவு இறங்கும். 2004-இல் வந்த ஒல்லி பிளேஸ்டேஷன் 2 அப்படிப் பிறந்ததுதான். அமெரிக்காவில் 2000-இல் 299 டாலருக்கு விற்ற செட் 2002-இல் 199 ஆனது, 2009-இல் 99 ஆனது. இப்போது ஒரு சில்லை இன்னும் சிறிதாக்க ஆகும் செலவு, அதனால் மிச்சமாகும் காசைத் தின்றுவிடுகிறது. போதாததற்கு, செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டும் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போனதில், 2025 கடைசியில் அவற்றின் விலையும் எகிறியது. அதற்கு முன்பே பிளேஸ்டேஷன் 5 அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் 499 டாலரிலிருந்து 549-க்குப் போனது. 2017-இல் 299 டாலருக்கு வந்த பழைய நிண்டெண்டோ ஸ்விட்ச், எட்டு வயதுக்குப் பிறகு 339 ஆனது. எட்டு வருஷத்துச் சாமான் விலை ஏறுவதை இந்தத் தொழிலில் நான் பார்த்ததில்லை.

நம் வெள்ளிக்கும் இதில் பங்கு உண்டு. 1998-லிருந்து 2005 வரை ஒரு டாலர் 3.80 வெள்ளியில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பிளேஸ்டேஷன் 2 வந்தது அந்தக் காலத்தில். 2024 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 4.70-க்கும் மேல் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் நம் வீடுகளில் “கேம் செட் வாங்கினால் காசுக்குத் தகும்” என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அது இந்த டாலர் கணக்கிலிருந்து வந்ததில்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அது உருவாகும்போது நான் அங்கே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

நான் பிறந்தது தென்னமரம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது தென்னமரத்தில்தான். என் சின்ன வயதில் எங்கள் தோட்டத்தில் பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை போட்டுக்கொண்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டத்துக்கு முதல் கேம் செட் வந்தது கிராணி வீட்டுக்கு. மைக்ரோ ஜீனியஸ் என்று பெயர். ஜப்பானில் நிண்டெண்டோ 1983-இல் விட்ட ஃபேமிகாமைப் பார்த்துத் தைவானில் செய்த நகல். அசலைக் கண்ணால் கண்டவர் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. மலேசியாவில் ஒரு தலைமுறைக்கு மைக்ரோ ஜீனியஸ்தான் அசல்.

கிராணியின் மனைவி நல்ல மனுஷி. சாயங்காலம் முன்கதவைத் திறந்து வைத்துவிடுவார். லயத்துப் பிள்ளைகள் காலைக் கழுவிவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்காருவோம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஆடலாம். செத்தால் கை மாற்ற வேண்டும். அதுதான் சட்டம். கோன்ட்ராவில் எந்த மூலையிலிருந்து குண்டு வரும், மாரியோவில் எந்தக் கல்லை முட்டினால் காளான் வரும் என்பதெல்லாம் ஆடுகிறவனைவிடப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். “குதி, குதி, இப்பக் குதி” என்று பின்னாலிருந்து பத்துக் குரல். பெண் பிள்ளைகளுக்கு முறை கடைசியில்தான் வரும். வருவதற்குள் ஜெனரேட்டர் நின்று விளக்கு அணைந்துவிடும் நாளும் உண்டு. அதனால் நான் அதிகம் பார்த்தது திரையை இல்லை, செட்டை. கேசட்டைச் செருகி வேலை செய்யாவிட்டால் கிராணி மகன் அதை உருவி, அடியில் வாயால் ஊதி, மறுபடி செருகுவான். உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற ஆசை அங்கே பிடித்ததுதான்.

அந்தச் செட்டின் விலையை அதன் முன்னால் உட்கார்ந்தவர்களுக்குப் பங்கு போட்டிருந்தால், தலைக்கு ஒரு ஐஸ்கிரீம் காசுகூட வந்திருக்காது.

பிறகு பிளேஸ்டேஷனும் பிளேஸ்டேஷன் 2-ம் வந்தன. பாசார் மாலாமில் நகல் சிடி ஐந்து வெள்ளி. செட்டை வாங்கியதும் கடைக்காரரே உள்ளே ஒரு சிப் வைத்து, நகல் சிடி ஓடும்படி செய்து கொடுப்பார். வின்னிங் இலெவன் பந்து விளையாட்டு இல்லாத வீடே கிடையாது. அது சட்டத்துக்குப் புறம்பு, விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு ஒரு காசும் போகவில்லை. அதைச் சரி என்று சொல்ல மாட்டேன். நான் சொல்ல வருவது வேறு. செட்டுக்கு ஒருமுறை காசு கொடுத்தால் போதும், அப்புறம் ஐந்து ஐந்து வெள்ளியாகப் பத்து வருஷம் ஓடும் என்று நம் அப்பாக்கள் போட்ட கணக்கு அந்த நகல் சிடியின் மேல் நின்றது. இன்றைக்கு அந்தக் கணக்கு செல்லாது. புது செட்டில் நகல் ஓடாது. கம்பெனிகளும் பெட்டியில் பெரிதாகச் சம்பாதிப்பதில்லை. பிளேஸ்டேஷன் 5-இன் 499 டாலர் செட்டை நஷ்டத்துக்கு விற்பது நின்றுவிட்டது என்று சோனி சொன்னது 2021 ஆகஸ்டில். அதாவது முதல் பல மாதங்கள் நஷ்டத்துக்குத்தான் விற்றார்கள். லாபம் அதற்குப் பிறகு நாம் வாங்கும் ஒவ்வொரு விளையாட்டிலும், கட்டும் ஒவ்வொரு சந்தாவிலும் இருக்கிறது.

அதனால் கடைக்கு வரும் பெற்றோரிடம் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டுவேன். செட் 2,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். தம்பியோ தங்கச்சியோ கூட உட்கார வேண்டுமானால் இரண்டாவது கண்ட்ரோலர், 300 வெள்ளி. புது விளையாட்டு ஒன்று சுமார் 280 வெள்ளி. மூன்று வாங்கினால் 840. இங்கேயே 3,640 ஆகிவிட்டது. கூட்டாளிகளோடு இணையத்தில் சேர்ந்து ஆட, பெரும்பாலான விளையாட்டுகளுக்கு ஆண்டுச் சந்தா தனி. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சேமநிதி, சொக்சோ பிடித்தது போகக் கையில் வருவது ஆயிரத்து ஐந்நூறு சொச்சம். இரண்டு மாதச் சம்பளத்தைத் தொடாமல் வைத்தாலும் இந்தத் தாளில் இருக்கும் தொகை வராது.

“அன்சுரான்ல எடுத்துக்கிறோம் அக்கா, மாசம் இருநூத்துச் சொச்சந்தான்” என்பார்கள். இங்கே நான் கொஞ்சம் நிறுத்திப் பேசுவேன், ஏனென்றால் நம் குடும்பங்கள் இரத்தம் சிந்தும் இடம் இது. கைப்பேசிச் செயலியில் விரலால் ஒரு தட்டு தட்டினால் கடன் கிடைக்கிறது. மாதம் ஒன்றரை விழுக்காடு கட்டணம் என்று போட்டிருப்பார்கள். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். 2,400 வெள்ளிக்குப் பன்னிரண்டு மாதம் என்று எடுத்தால், மாதக் கட்டணம் 36 வெள்ளி, மொத்தம் 432. மாதம் 236 கட்ட வேண்டும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஆறு மாதம் கட்டிப் பாதிக் கடனை அடைத்த பிறகும் கட்டணம் முழு 2,400-க்கே போடப்படுகிறது. குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு எவ்வளவு வட்டி என்று சரியாகக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 32 விழுக்காட்டை நெருங்கும். பதினெட்டு என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறோம். இந்த வகைக் கடனையும் கண்காணிப்புக்குள் கொண்டுவரும் நுகர்வோர் கடன் சட்டத்தை நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றியது. நல்லது. ஆனால் மாதம் 236 வெள்ளியைச் சட்டம் கட்டாது. அந்தக் காலத்தில் தோட்டத்து அம்மாக்கள் கூட்டு கட்டிச் சீட்டு விழுந்த பிறகுதான் தையல் மெஷினோ டிவியோ வாங்கினார்கள். காசு முதலில், சாமான் பிறகு. கேம் செட்டுக்கும் அந்த வரிசை பொருந்தும் என்று அழுத்திச் சொல்வேன்.

சரி, இவ்வளவு கொடுத்தால் என்னதான் கிடைக்கிறது? நிறையவே கிடைக்கிறது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பழைய பிளேஸ்டேஷன் 4-க்குள் சுழலும் தட்டு இருக்கிறது. விளையாட்டைத் திறந்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். 5-இல் சுழலும் பாகமே இல்லாத சேமிப்பகம்; ஒரு விநாடிக்கு 5.5 கிகாபைட் படிக்கும். கதவைத் திறந்தால் அடுத்த அறை வந்து நிற்கும். பல விளையாட்டுகளில் படம் விநாடிக்கு முப்பது தடவை மாறியது போய் அறுபது தடவை மாறுகிறது. வேகமாக ஓடும் காட்சியில் அதைக் கண்ணே உணரும். கண்ட்ரோலர் கைக்குள் மழைத் துளியையும் மணலையும் அதிர்வாகக் காட்டுகிறது. முதல் முறை பிடித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

ஆனால் படத்தின் கூர்மை என்று விளம்பரத்தில் காட்டுகிறார்களே, அதைப் பார்க்க 4கே டிவி வேண்டும். தாமான் வீடுகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் 32 அங்குல டிவி. அதில் 4-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி தெரியவே தெரியாது. இணையத்தையும் பார்க்க வேண்டும். இப்போதைய பெரிய விளையாட்டுகள் நூறு கிகாபைட் வரை இருக்கும். சிடி போட முடியாத செட்டில் அத்தனையும் இறக்கித்தான் ஆட வேண்டும். 2025 ஜூனில் 449 டாலருக்கு வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-க்குக் கடையில் அட்டை வாங்கினாலும், சில அட்டைகளுக்குள் விளையாட்டு இருக்காது. சாவி மட்டும் இருக்கும், விளையாட்டை இணையத்தில்தான் இறக்க வேண்டும். தோட்டத்துக்குள் கம்பிவடம் வராத வீட்டில், கைப்பேசி டேட்டாவில் நூறு கிகாபைட் இறக்கப் பார்க்கும் பையனின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். சிடி போடும் செட்டையே வாங்குங்கள் என்று சொல்வது அதனால்தான். ஆடி முடித்த சிடியை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், அண்ணன் பிள்ளைக்குக் கொடுக்கலாம். இறக்கிய விளையாட்டை யாருக்கும் கொடுக்க முடியாது.

இன்னொன்றை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை: மின்னல். மலேசியா உலகத்திலேயே மின்னல் அதிகம் வெட்டும் நாடுகளில் ஒன்று. செம்பனைக் காட்டு நடுவில் தனியாக நிற்கும் லயத்துக் கூரைமேல் தட்டு ஆன்டெனா வேறு இருக்கும். சாயங்கால மழையில் ஒரு வெட்டு விழுந்தால், அது சுவர் பிளக் வழியாக மட்டும் வருவதில்லை. தட்டிலிருந்து டிவிக்கு, டிவியிலிருந்து எச்டிஎம்ஐ வயர் வழியாக செட்டுக்குள் இறங்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த வீட்டிலிருந்தும் செட் கருகி வந்திருக்கிறது.

அப்படி வந்த ஒரு செட்டைப் போன மழைக்காலத்தில் திறந்தேன். மேல் மூடியைக் கழற்றியதும் கரப்பான் வாடை. மின்விசிறிச் சிறகுகளுக்கு நடுவில் பஞ்சு போலத் தூசி. அதற்குள் முட்டை ஓடுகள். செட்டுக்குள் எப்போதும் இளஞ்சூடு, இருட்டு. கரப்பானுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. பலகையை எடுத்து உருப்பெருக்கிக்குக் கீழே வைத்தால், எச்டிஎம்ஐ வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் சதுரச் சில்லின் ஒரு மூலை உப்பி, நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. மின்னல் போன வழி அதுதான். சூடான காற்றை ஊதி அந்தச் சில்லை எடுத்து, அடியிலிருந்த ஈயத்தைத் துடைத்து, புதுச் சில்லை வைத்து, கால் காலாகத் தொட்டுப் பார்த்து முடிக்க ஒரு முற்பகல் போய்விட்டது. பிளேஸ்டேஷன் 4 ஆனதால் முடிந்தது. 5-இல் பெரிய சில்லின் மேல் திரவ உலோகம் தடவியிருக்கிறார்கள். சூட்டை இழுக்க அது அருமையான ஏற்பாடு, ஆனால் கவனமில்லாமல் திறந்தால் ஒரு சொட்டு வழிந்து பலகை முழுவதும் போய்விடும். பழுதுச் செலவும் ஏறும். இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளிச் சாமானுக்கு மின்னல் தடுப்புப் பலகை ஒன்றும் வாங்கி, மழைக்கு முன் எச்டிஎம்ஐ வயரையும் உருவி வைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் யாரையும் நான் அனுப்புவதில்லை.

யாருக்குப் புதுசு தகும்? கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி எனக்குப் பழக்கம். கல்யாணம் ஆகவில்லை, வேறு பழக்கம் கிடையாது. இரவு வேலை முடிந்து வந்து, காலையில் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டுத் தூங்குவார். காசு சேர்த்து ஒரே மொத்தமாக வாங்கினார். விளையாட்டைப் பழைய சிடியாகவே எடுப்பார், முடித்ததும் விற்றுவிடுவார். அவரைப் போல ஆடுகிறவருக்கு நாள் கணக்கில் பார்த்தால் ஒரு தே தாரேக் விலைகூட ஆகாது. அவருக்கு அது தகும், சந்தேகமே இல்லை. பிளேஸ்டேஷன் 5 ப்ரோவைப் பற்றியும் அவர் கேட்டார். 2024 நவம்பரில் 699 டாலருக்கு வந்தது, சிடி போடும் பாகத்தைத் தனியாக வாங்க வேண்டும். வேண்டாம் என்றேன். அவருடைய டிவியை நான் பார்த்திருக்கிறேன்.

“கைப்பேசியிலேயே சும்மா ஆடலாமே, எதுக்கு இதெல்லாம்” என்று கேட்பவர்களும் உண்டு. கைப்பேசி விளையாட்டை நான் தாழ்வாக நினைப்பதில்லை. 2024 ஜூலையில் ரியாத்தில் நடந்த மொபைல் லெஜண்ட்ஸ் உலகப் போட்டியில் கோப்பையை வென்றது நம் மாநிலத்தின் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி. வெற்றியாளர் பரிசு பத்து லட்சம் அமெரிக்க டாலர். அன்றைக்கு என் கடையில் பையன்கள் கத்திய கத்தலில் பக்கத்து மளிகைக் கடைக்காரர் ஓடி வந்தார். ஆனால் ‘சும்மா’ என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்கின், டைமண்ட் என்று பத்துப் பத்து வெள்ளியாக ரீலோட் போவது எந்தத் தாளிலும் எழுதப்படாமல் போகிறது. கைப்பேசித் திரையைப் பழுது பார்க்கக் கொண்டுவந்த ஒரு அப்பா, மகனின் ரீலோட் பில்லைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷத்தில் மகன் போட்ட டைமண்ட் காசில் பழைய செட் இரண்டு வாங்கியிருக்கலாம். கைப்பேசியில் இன்னொரு குறையும் எனக்குப் படுகிறது. அதை ஒருவன்தான் பார்க்க முடியும். பின்னால் உட்கார்ந்து “குதி” என்று சொல்ல யாருக்கும் இடமில்லை.

என் அம்மாவுக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. பால்மரம் வெட்டிய கை. கேம் செட் என்றால் பிள்ளைகள் கெட்டுப்போகிற சாமான் என்பது அவருடைய நீண்ட நாள் தீர்மானம். வெண்பா என்ற விளையாட்டை அவரிடம் காட்டினேன். கனடாவின் டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது, 2023 ஜூலையில் வந்தது. எண்பதுகளின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின் ஆகிய மூவரின் கதை. அதில் சுடவும் கொல்லவும் எதுவும் இல்லை. சமைக்க வேண்டும். வெண்பாவின் அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டில் எழுத்து அழிந்து கிடக்கிறது. அழிந்ததை நாமே யோசித்து நிரப்ப வேண்டும்.

முதலில் இட்லி. தட்டுகளை எந்த வாக்கில் அடுக்குவது என்று நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தார். “மேல் குழி கீழ்க் குழிக்கு நேரா உட்காரக் கூடாதுடி. தட்டக் கொஞ்சம் திருப்பி வை, ஆவி போகணும்ல” என்றார். திருப்பி வைத்தேன், வந்துவிட்டது. கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புட்டு வந்தபோது கண்ட்ரோலரை என் கையிலிருந்து வாங்கவில்லை, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கவின் வளர்ந்து, தன் அம்மாவிடம் ஆங்கிலத்தில் எரிந்து பேசும் இடத்தில் என் அம்மா எதுவும் பேசவில்லை. என் தம்பி ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். விளையாட்டு ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும், “அந்தப் பொண்ணு ஊருக்குத் திரும்பிப் போனது சரிதான்” என்றார், சொந்தக்காரர் வீட்டு விஷயத்தைச் சொல்வது போல.

அந்த விளையாட்டு 2024 ஏப்ரலில் பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்வானது. விலை பெரிய விளையாட்டுகளில் கால் பங்குகூட இல்லை. நான் அதை ஓட்டியது மூன்று கை மாறி என்னிடம் வந்த பழைய ஸ்விட்சில், திரையின் மூலையில் கீறல் விழுந்தது. புதுப்பெட்டி இல்லாமல் எதையோ இழக்கிறோம் என்று நினைக்கும் வீடுகளுக்கு இதை நான் சொல்லாமல் இருப்பதில்லை. இந்தத் தொழிலில் எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்த சாயங்காலத்துக்கு 4கே தேவைப்படவில்லை.

அண்மையில் ஈஜோக் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகனோடு வந்தார். கையுறைத் தொழிற்சாலைப் பேருந்தில் போய்வருகிறவர். மகன் மூன்றாம் படிவம். “கூட்டாளிங்க எல்லார்ட்டயும் இருக்குன்னு ஒரே அழுகை அக்கா. ஜிடிஏ ஆறு வருதாம், அதுக்கு பிஎஸ் ஃபைவ்தான் வேணுமாம்.” பையன் தலையைத் தூக்கவில்லை. பதினைந்து வயதில் கூட்டாளிகள் பேசும் பேச்சில் தனக்கு மட்டும் இடமில்லாமல் போவது சின்ன வலி இல்லை. அதை ஆடம்பரம் என்று சொல்லித் திட்டி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

அவனிடமே பேசினேன். ஜிடிஏ 6 இரண்டு முறை தள்ளிப்போய், கடைசியாக 2026 நவம்பர் 19 என்று அறிவித்திருக்கிறார்கள். இதற்கு முந்தின ஜிடிஏ பெரியவர்களுக்கானது என்று தரம் பிரித்த விளையாட்டு, இதுவும் அப்படித்தான் இருக்கும். உனக்கு அப்போதும் வயது வராது. முந்தின ஜிடிஏ 2013-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது, 2014-இல் 4-க்கு, 2022-இல் 5-க்கு. ஒரே விளையாட்டை மூன்று செட்டுக்கு விற்றார்கள். அது ஓடிப்போகாது. உன் கூட்டாளிகளோடு இப்போது என்ன ஆடுவாய் என்று கேட்டேன். பந்து என்றான். 2025-இல் வந்த எஃப்சி 26 பிளேஸ்டேஷன் 4-லும் ஓடும் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

நான் சுத்தம் செய்து வைத்திருந்த பிளேஸ்டேஷன் 4 ஒன்றை அங்கேயே டிவியில் மாட்டிக் காட்டினேன். பழைய செட் வாங்குகிற யாரும் இதைச் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். அரை மணி நேரம் ஓட விட்டு, மின்விசிறி இரைகிறதா என்று காது கொடுத்தோம். எச்டிஎம்ஐ வயரை மெல்ல ஆட்டி, படம் விட்டுப்போகிறதா என்று பார்த்தோம். கண்ட்ரோலரைத் தொடாமல் மேசையில் வைத்து, திரையில் ஆள் தானாக நகர்கிறானா என்று பார்த்தோம். நகர்ந்தால் குச்சிக்கு அடியில் இருக்கும் பாகம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சிடியைப் போட்டு எடுத்தோம். பழைய சொந்தக்காரரின் கணக்கு முழுவதும் நீக்கியாகிவிட்டதா என்று பையனே சரிபார்த்தான். செட்டும் இரண்டு கண்ட்ரோலரும் ஐந்நூற்றைம்பது வெள்ளி. பாதியை அம்மா கொடுத்தார். மீதியைச் சித்தி மாத முடிவில் தந்துவிடுவதாகக் கைப்பேசியில் சொன்னார். அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் சனி ஞாயிறு இவன் வீட்டில்தான் இருப்பார்களாம்.

பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது பையன் மெதுவாகக் கேட்டான், “அக்கா, இதை அப்புறம் திருப்பிக் கொடுத்தா எவ்வளவு எடுத்துப்பீங்க?” எச்டிஎம்ஐ வாய் வளையாமல், கரப்பான் ஏறாமல், கண்ட்ரோலர் தேயாமல் கொண்டுவந்தால் முந்நூறு வெள்ளிக்குக் குறையாது என்றேன். கைப்பேசியை எடுத்து அதைக் குறித்துக்கொண்டான். மின்னல் தடுப்புப் பலகை என்ன விலை என்று அவன் அம்மா கேட்டார்.